பிரான்சில் குடியேறிய பிரிட்டிஷ்காரர் படும் பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பல வருடங்களாகத் தென்மேற்கு பிரான்சில், தொர்தோஞ் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு இங்கிலீஷ்காரர்களுடையது. எனக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் வரும் என்ற செய்தி பரவியதிலிருந்து, அரசாங்கக் கடிதம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஊருக்கு வரும்போது இதையெல்லாம் சொன்னால் சொந்தக்காரர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. "வெள்ளைக்காரனுக்கே ஐரோப்பாவில் கஷ்டமா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றில் முக்கால்வாசி இங்கே இருக்கிறது.

எத்தனை பேர் இருக்கிறார்கள்? எதற்காக வருகிறார்கள்?

பிரான்ஸ் முழுக்கச் சுமார் ஒன்றரை லட்சம் பேர். பாரிசில் வேலை பார்ப்பவர்கள் ஒரு ரகம். எங்கள் பக்கம் வருபவர்கள் வேறு ரகம்: ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், லண்டன் பக்கத்து வீட்டை விற்றுவிட்டு அந்தக் காசில் பாதிக்கு இங்கே கல்வீடும் தோட்டமும் வாங்கியவர்கள். வெயில் இருக்கிறது, ஒயின் மலிவு, பெர்ஜெராக் ஊரில் விமான நிலையம் இருக்கிறது. இங்கிலாந்தில் பல மாவட்டப் பெயர்கள் 'ஷயர்' என்று முடிவதைப் போல, தொர்தோஞ் மாவட்டத்தை 'தொர்தோஞ்ஷயர்' என்று கேலி செய்வது வழக்கம். எமே என்ற ஊரில் 13ஆம் நூற்றாண்டுச் சதுக்கத்தில் உட்கார்ந்தால் காதில் விழுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான். அங்கே கிரிக்கெட் கிளப்கூட உண்டு.

இதில் ஒரு பழங்கணக்கும் இருக்கிறது. 1152இல், எங்கள் பக்கம் அடங்கிய அக்கித்தேன் சீமையின் சீமாட்டி எலியனோர் மணந்தவர் இரண்டு வருடம் கழித்து இங்கிலாந்து அரசரானார்; இந்தச் சீமையும் இங்கிலாந்துக் கிரீடத்தோடு சேர்ந்தது. முன்னூறு வருடம் கழித்து, 1453இல், இதே தொர்தோஞ் ஆற்றங்கரையில் காஸ்தியோன் சண்டையில் தோற்று ஆங்கிலேயர் வெளியேறினார்கள். சண்டையில் விட்டதை வீட்டுத் தரகர் மூலம் திரும்ப வாங்குகிறார்கள் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் ஜோக்.

இவர்கள் தங்களை 'எக்ஸ்பாட்' (வெளிநாட்டில் தங்கியிருப்பவர்) என்கிறார்களே, குடியேறிகள் இல்லையா?

குடியேறிகள்தான். கம்பெனி இரண்டு வருடத்துக்கு அனுப்பி வைத்தவரை எக்ஸ்பாட் எனலாம். வீடு வாங்கி, நாய் வளர்த்து, கல்லறைக்கு இடம் பார்த்து வைத்திருப்பவரை என்னவென்று சொல்வது? என் மாமாவும் இதே நாட்டில் குடியிருப்பு அட்டைக்காக வரிசையில் நின்றவர். அவரை யாரும் எக்ஸ்பாட் என்று அழைத்ததில்லை. பிரெக்சிட்டுக்குப் பிறகு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, இந்தச் சொல்லைக் கொஞ்சம் கூச்சத்தோடு பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வந்ததும் முதலில் மாட்டிக்கொள்வது எதில்?

'தொஸியே'யில். அதாவது விண்ணப்பத்தோடு வைக்கும் காகிதக் கட்டு. மின்சாரம், வங்கிக் கணக்கு, மருத்துவ அட்டை, பிள்ளைக்குப் பள்ளி, எதற்கும் ஒரு தொஸியே. நாமெல்லாம் ரேஷன் கார்டு நகலோடு பிறந்தவர்கள், நமக்கு இது புதிதில்லை. பிரிட்டிஷ்காரருக்கு இது புதிது. ஏனென்றால் அவர்கள் நாட்டில் அடையாள அட்டையே கிடையாது. போர்க்கால அட்டையை 1952இல் ஒழித்தார்கள். 2006இல் மறுபடி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், 2010இல் அதையும் தூக்கி எறிந்தார்கள். "நான் இன்னார்" என்று சொன்னால் போதும் என்று வாழ்ந்த மனிதரிடம், பிரான்ஸ் "அதற்கு என்ன அத்தாட்சி?" என்று தினமும் கேட்கிறது. அவருக்குக் கோபம் வருவதில் ஆச்சரியமில்லை.

உச்சகட்டம் பிறப்புச் சான்றிதழ். "மூன்று மாதத்துக்குள் எடுத்த பிறப்புச் சான்று வேண்டும்" என்று கேட்பார்கள். வெளிநாட்டுச் சான்று என்றால் சில இடங்களில் ஆறு மாதம் வரை விடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் கேட்டது இது: "நான் பிறந்து அறுபத்தாறு வருடம் ஆகிறது. மூன்று மாதத்தில் திரும்ப எப்படிப் பிறப்பேன்?"

கேட்க முட்டாள்தனமாக இருந்தாலும் காரணம் இருக்கிறது. பிரான்சில் ஒருவரின் பிறப்புப் பதிவு ஒரு நடமாடும் ஆவணம். கல்யாணம் ஆனால் அந்தப் பதிவின் ஓரத்தில் எழுதுவார்கள் (1897 முதல் இந்தப் பழக்கம்), விவாகரத்து ஆனாலும் எழுதுவார்கள், செத்தாலும் எழுதுவார்கள். எனவே புது நகல் என்றால் புதுத் தகவல். பிரிட்டனில் பிறப்புப் பதிவு என்பது பிறந்த கதையோடு முடிந்தது. நூறு வருடம் கழித்து நகல் எடுத்தாலும் அதே வரிகள்தான். அந்த அம்மா லண்டனுக்கு எழுதிப் போட்டு, காசு கட்டி, எழுத்து மாறாத ஒரு புது நகலை வரவழைத்தார். அதை அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் மாற்றினார். அதற்குள் அவருடைய கரன்ட் பில் பழசாகிவிட்டது. முகவரிச் சான்றும் மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டுமே.

புதுச்சேரியில் பிறந்தவர்களுக்கு இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் பீரோவில் நகைக்கு மேல்தட்டு, காகிதத்துக்குக் கீழ்த்தட்டு என்று இருந்தது. பூட்டு இருந்தது கீழ்த்தட்டுக்குத்தான்.

கல்யாணமான பெண்களுக்குப் பெயரில் என்ன சிக்கல்?

பிரிட்டனில் பெரும்பாலான பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் குடும்பப் பெயருக்கு மாறிவிடுவார்கள். பாஸ்போர்ட்டிலும் அந்தப் பெயர்தான். பிரான்சில் புரட்சிக்காலச் சட்டம் ஒன்று, 1794ஆம் ஆண்டினது, இன்னும் உயிரோடு இருக்கிறது: பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் யாருக்கும் கிடையாது. கணவர் பெயரை 'வழங்கும் பெயராக' வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. ஆகவே நாற்பது வருடமாக யாரும் கூப்பிடாத கன்னிப் பெயரை மருத்துவமனைக் கூடத்தில் சத்தமாக அழைப்பார்கள். அந்த அம்மா வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருப்பார். முறை போய்விடும்.

பிரெக்சிட் அன்றாட வாழ்க்கையில் என்ன செய்தது?

அதற்கு முன் இவர்கள் எந்த அட்டையும் இல்லாமல் ஐரோப்பியக் குடிமக்களாக இருந்தார்கள். 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் வெளியேறியது, இடைக்காலம் அந்த டிசம்பரோடு முடிந்தது. ஏற்கெனவே இங்கே வசித்தவர்கள் 2021 செப்டம்பர் 30க்குள் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், 2022 ஜனவரி முதல் அட்டை கையில் இருக்க வேண்டும் என்றானது. கட்டணம் கிடையாது, விண்ணப்பம் இணையத்தில். உண்மையைச் சொன்னால் சுலபமாகவே கொடுத்தார்கள். ஆனாலும் கைரேகை வைக்க மாவட்டத் தலைநகரின் பிரெஃபெக்தூர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே முதல் முறை போய்வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், "வரிசையில் எல்லா நாட்டுக்காரரும் நிற்கிறார்கள்" என்று என்னிடம் வியந்து சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாரிசில் எங்கள் இலங்கைத் தமிழ் நண்பர்கள் விடியுமுன் போய் நின்ற வரிசை அது.

வருத்தமான விஷயம் ஓட்டு. ஐரோப்பியக் குடிமக்கள் என்ற முறையில் இவர்கள் கிராம சபைகளில் ஓட்டுப் போட்டார்கள், உறுப்பினர்களாகவும் இருந்தார்கள்; பிரான்ஸ் முழுக்க 700க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் உறுப்பினர்கள். 2020 மார்ச் உள்ளாட்சித் தேர்தலோடு அது போயிற்று. சொந்த நாட்டிலோ, வெளிநாட்டில் 15 வருடத்துக்கு மேல் இருந்தால் ஓட்டு இல்லை என்ற விதி இருந்தது. அதனால் பிரெக்சிட் வாக்கெடுப்பில் தங்கள் தலைவிதியைப் பற்றியே இவர்களில் பலர் வாக்களிக்க முடியவில்லை. 2024 ஜனவரியில்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

விடுமுறை வீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். காலண்டரில் பேனாவால் நாள் எண்ணிக்கொண்டே திராட்சைக்கொடி வளர்க்கிறார்கள். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் படமும் எடுத்துக் கணினியே எண்ணத் தொடங்கிவிட்டது. குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மருத்துவம் எப்படி? அங்கே இலவசம்தானே?

பிரிட்டனில் டாக்டரைப் பார்க்கக் காசு கிடையாது. இங்கே முதலில் கட்டி, பிறகு திரும்ப வாங்க வேண்டும். பொது மருத்துவருக்கு 30 யூரோ. அரசுக் காப்பீடு 70 சதவீதம், அதாவது 21 யூரோ தரும். அதிலிருந்து 2 யூரோ பிடித்துக்கொண்டு 19 யூரோ வங்கியில் விழும். மீதியில் பெரும்பகுதியைக் கொடுக்கத் தனியாக ஒரு கூடுதல் காப்பீடு, 'மியூத்துயேல்' என்று பெயர். என் மாமா அதைக் கடைசி வரை 'முத்துவேல்' என்றுதான் சொன்னார். "டாக்டருக்குப் பாதி அரசாங்கம், பாதி முத்துவேல்."

இதற்கெல்லாம் பச்சை நிறத்தில் 'கார்த் வித்தால்' என்ற அட்டை வேண்டும். அது வருவதற்குள் சிலருக்கு ஒரு வருடம் ஆகிவிடுகிறது, காரணம் மறுபடியும் பிறப்புச் சான்று. அட்டையில் உள்ள எண்ணைப் படிப்பதில் எனக்குத் தனி ருசி. முதல் இலக்கம் ஆணா பெண்ணா (1, 2), அப்புறம் பிறந்த வருடம், மாதம், பிறந்த மாவட்டம். பிரான்சுக்கு வெளியே பிறந்தவர்களுக்கு மாவட்டம் 99, பின்னால் நாட்டு எண், பிரிட்டனுக்கு 132. 1958 மே மாதம் லீட்ஸ் நகரில் பிறந்த பெண் என்றால் 2 58 05 99 132 என்று தொடங்கும். பெயர் தெரியாமலே பாதி ஜாதகம் சொல்லிவிடலாம்.

கிராமங்களில் அசல் பிரச்சினை வேறு: டாக்டர்கள் ஓய்வுபெறுகிறார்கள், புதியவர்கள் வருவதில்லை. இருப்பவர்கள் "புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை" என்று வாசலிலேயே எழுதி ஒட்டிவிடுகிறார்கள். இது பிரெஞ்சுக்காரருக்கும் அதே கதிதான்.

பாரசிட்டமால் பற்றி ஏன் இவ்வளவு புலம்பல்?

பிரிட்டனில் அது பால் பாக்கெட்டோடு சூப்பர்மார்க்கெட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பிரான்சில் மருந்துக்கடையில் மட்டும்தான். அதுவும் 2020 ஜனவரியிலிருந்து கவுன்டருக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தலைவலி வந்தால் முறை மருந்துக்கடை எந்த ஊரில் என்று தேடிக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டும். ஆகவே லண்டனிலிருந்து யார் வந்தாலும் பெட்டியில் பாரசிட்டமால் இருக்கும். நம் ஊரிலிருந்து வருபவர்கள் ஊறுகாய் கொண்டுவருவதுபோல.

மருந்துக்கடைக்காரர் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். காட்டில் பறித்த காளானைக் கூடையோடு கொண்டுபோய்க் காட்டினால், தின்னலாமா கூடாதா என்று சொல்லக்கூடியவர் அவர். எந்த சூப்பர்மார்க்கெட் சொல்லும்?

பிரெஞ்சுக் கடைக்காரர்கள் கடுகடுவென்று இருப்பதாகச் சொல்கிறார்களே?

பெரும்பாலும் தப்பு வாடிக்கையாளருடையது. பிரிட்டிஷ்காரர் பணிவாகத்தான் பேசுகிறார். "மன்னிக்கணும், தொந்தரவுக்கு வருந்துகிறேன், பால் எங்கே இருக்கு என்று..." எல்லாம் சரி, உள்ளே வந்ததும் 'பொன்ஜூர்' சொல்லவில்லை. பிரான்சில் அது வணக்கம் மட்டுமாக இருப்பதில்லை. வீட்டுக்குள் வரும்முன் செருப்பைக் கழற்றுவது மாதிரி ஒரு முறை. அதைச் செய்யாமல் எத்தனை மன்னிப்புக் கேட்டாலும் செருப்புக் காலோடு நடுக்கூடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். பேக்கரியில், பஸ்ஸில், டாக்டரின் காத்திருப்பு அறையில் முன்பின் தெரியாத பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரு பொன்ஜூர். இதை மட்டும் பழகிக்கொண்டவர்கள் பாதிப் புகாரை மறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

'து', 'வூ' விஷயமும் உண்டு. நமக்கு நீ, நீங்கள் என்றால் பிடிபட்டுவிடும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். பாவம், அவர்கள் நகராட்சித் தலைவரை 'நீ' என்றும் பக்கத்து வீட்டு நாயை 'நீங்கள்' என்றும் அழைத்துவிடுகிறார்கள்.

கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடும் 'பீஸ்' இன்னொரு சங்கடம். பாரிசில் இரண்டு, மோன்பெல்லியே பக்கம் மூன்று, சில ஊர்களில் நாலு. எந்தக் கன்னத்தில் தொடங்குவது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். இதில் நானும் இன்னும் தடுமாறுகிறேன். புதுச்சேரியில் கும்பிட்டு வளர்ந்தவன்.

பிரெஞ்சு எண்கள் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

ஆமாம். 70 என்பது 'அறுபது-பத்து'. 80 என்பது 'நாலு-இருபது'. 99 என்பது 'நாலு-இருபது-பத்து-ஒன்பது'. சுவிஸ்காரர்களும் பெல்ஜியக்காரர்களும் செப்தாந்த், நோனாந்த் என்று 70க்கும் 90க்கும் நேரான சொல் வைத்திருக்கிறார்கள். பிரான்ஸ் பிடிவாதமாக அவற்றை ஏற்கவில்லை. இதன் முழு விஷம் தொலைபேசியில்தான் தெரியும். பத்து இலக்க எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 'சுவாசாந்த்' என்று காதில் விழுந்ததும் நீங்கள் 60 என்று எழுதத் தொடங்குவீர்கள், அவர் 'தீஸ்-உய்த்' என்று முடிப்பார், அது 78. அடித்துத் திருத்துவதற்குள் அடுத்த இரண்டும் போய்விடும்.

தமிழர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். எண்பதுக்குப் பிறகு 'ஒன்பது' எதுவும் வராமல் தொண்ணூறு, அதில் 'நூறு' எங்கிருந்து வந்தது என்று என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது நானும் விழித்தேன்.

எழுத்திலும் தொல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1ஐ எழுதினால் கொக்கி நீண்டு 7 மாதிரி இருக்கும்; அதனால் உண்மையான 7க்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். கோடு போடாத பிரிட்டிஷ் 7ஐ இங்கே 1 என்று படித்துவிடுவார்கள். கேஸ் மீட்டர் அளவை எழுதி அனுப்பி வருடக்கணக்கில் தகராறு செய்த ஒருவரை எனக்குத் தெரியும். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1,500 என்று பிரிட்டிஷ்காரர் எழுதினால் ஒன்றரை என்று படிப்பார்கள்.

மதியம் எல்லாம் மூடிவிடுவார்களாமே?

12 முதல் 2 வரை. சாப்பாட்டு நேரம். மேசையிலேயே சாண்ட்விச் கடிக்கும் பிரிட்டிஷ் பழக்கம் இங்கே சட்டத்துக்கே பொருந்தாது: வேலை செய்யும் இடத்தில் ஊழியர்களைச் சாப்பிட விடக் கூடாது என்று தொழிலாளர் சட்டத்தொகுப்பில் ஒரு விதி இருக்கிறது. கொரோனா சமயத்தில், 2021இல், அதைத் தளர்த்த வேண்டியிருந்தது. ஞாயிறும் திங்களும் பாதிக் கடை கிடையாது, ஆகஸ்டில் நாடே கிடையாது. கிராமத்தின் 'மேரி', அதாவது உள்ளாட்சி அலுவலகம், வாரத்தில் சில அரை நாள்தான் திறந்திருக்கும். புல்வெட்டும் இயந்திரத்தை ஞாயிறு எந்நேரமும் ஓட்டவும் முடியாது. பல ஊர்களில் 10 முதல் 12 வரைதான். அந்தந்த மேரியில் கேட்டுக்கொள்வது நல்லது.

வங்கி, செக், வரி?

பிரிட்டனில் செக் வழக்கொழிந்து வருகிறது. இங்கே கணப்பு விறகு விற்பவர், பள்ளி உணவுக்கூடம், கிராமச் சங்கச் சந்தா எல்லாம் இன்னும் செக்தான். தொகையை எழுத்தில் எழுத வேண்டும், மேலே எண்களைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கட்டும். செக் ஒரு வருடமும் எட்டு நாளும் செல்லும். எனவே நீங்கள் மறந்துவிட்ட செக்கை விறகுக்காரர் அடுத்த குளிர்காலத்தில் கொண்டுபோய்ப் போடலாம். அப்போது கணக்கில் பணம் இல்லாமல் திரும்பி, சரிசெய்யாமல் விட்டால், ஐந்து வருடம் வரை செக் எழுதத் தடை. எல்லா வங்கிக்கும் அது தெரிந்துவிடும். இதைச் சிறு விஷயம் என்று நினைத்து மாட்டியவர்கள் உண்டு.

வரியில் முக்கியமான ஒன்றே ஒன்று: பிரிட்டனில் உள்ள வங்கிக் கணக்கை, அதில் பத்து பவுண்டுதான் இருந்தாலும், வருடாவருடம் அறிவிக்க வேண்டும். விட்டால் ஒரு கணக்குக்கு 1,500 யூரோ அபராதம். அங்கே வரியில்லாத ஐசா சேமிப்புக்கு இங்கே வரி உண்டு.

வண்டி ஓட்டுவதில்?

இடப்பக்கம், வலப்பக்கம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது 'வலப்பக்கத்துக்கு முன்னுரிமை'. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கு நீங்கள் நின்று வழிவிட வேண்டும், நீங்கள் பெரிய சாலையில் இருந்தாலும். ட்ராக்டரோடு வரும் கிழவர் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார், அவருக்குச் சட்டம் தெரியும். ஊர்ப்பெயர்ப் பலகையே வேக வரம்பு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை: பெயரைக் கண்டால் 50 கிலோமீட்டர், சிவப்புக் கோடு போட்ட பெயரைக் கண்டால் ஊர் முடிந்தது. பிரிட்டனிலிருந்து கொண்டுவந்த வண்டியில் ஓட்டுநர் இருக்கை தப்பான பக்கம். சுங்கச்சாவடியில் தனியாகப் போனால் இறங்கிச் சுற்றிவந்து காசு கட்ட வேண்டும், பின்னால் ஹாரன் கச்சேரி.

ஓட்டுநர் உரிமம் ஒரு காலத்தில் பெருந்தொல்லை. 2021 ஜூனில் இரு நாடும் ஒப்பந்தம் செய்துகொண்டபின், 2021க்கு முன் வாங்கிய பிரிட்டிஷ் உரிமம் காலாவதியாகும் வரை செல்லும் என்றாயிற்று.

கெட்டில் போட்டால் வீடே இருண்டுவிடும் என்கிறார்கள், நிஜமா?

நிஜம். பிரான்சில் மின் இணைப்பு வாங்கும்போதே எத்தனை திறன் வேண்டும் என்று ஒப்பந்தம் போட வேண்டும். சாதாரண வீட்டுக்கு 6 கிலோவாட் அளவு. பிரிட்டிஷ் கெட்டில் ஒன்று மட்டும் 3 கிலோவாட் இழுக்கும். தண்ணீர் இரண்டு நிமிடத்தில் கொதிக்க வேண்டும் என்பது அவர்கள் மதம். அடுப்பில் ரோஸ்ட் இருக்கிறது, மாடியில் ஹீட்டர் ஓடுகிறது, யாரோ டீ போடுகிறார்கள், டப்பென்று மீட்டர் வெட்டிவிடும். "பிரெஞ்சு மின்சாரம் மோசம்" என்று புகார் வரும். மின்சாரத்தில் ஒரு கோளாறும் இல்லை. 9க்கு மாற்றச் சொன்னால் மாற்றுவார்கள், மாதக் கட்டணம் கூடும்.

சாப்பாட்டில் எதற்கு ஏங்குகிறார்கள்? இவ்வளவு நல்ல சாப்பாடு உள்ள நாட்டிலா?

அதே நாம் பாரிசில் உட்கார்ந்து நல்ல நெத்திலிக் கருவாட்டுக்கு ஏங்குவதுபோல. அவர்களுக்கு அகலமான பேக்கன், கெட்டிச் செடார் சீஸ், ரொட்டியில் தடவும் மார்மைட், தானாக உப்பும் மாவு, அப்புறம் டீ. இங்கே கிடைக்கும் டீத்தூள் அவர்களுக்கு வெந்நீரில் நனைத்த காகிதம். கடை அலமாரியில் முக்கால்வாசி மாதக்கணக்கில் கெடாத பெட்டிப் பால். அதை டீயில் விட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

முன்பெல்லாம் ஊருக்குப் போய்வரும்போது காரில் நிரப்பிக்கொண்டு வருவார்கள். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அந்த மாதமே நெதர்லாந்தில் சுங்க அதிகாரிகள் ஒரு லாரி ஓட்டுநரின் ஹாம் சாண்ட்விச்சைப் பிடுங்கிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. 2025 ஏப்ரலில் பிரிட்டனும், கோமாரி நோய்க்குப் பயந்து, எதிர்த்திசையில் பிரெஞ்சுச் சீசை நிறுத்தியது. டீக்கும் மார்மைட்டுக்கும் தடையில்லை. தபாலில் பாட்டி அனுப்பும் பிறந்தநாள் பரிசு 45 யூரோவைத் தாண்டினால் வரி. ஸ்வெட்டருக்கு வரி கட்டி வாங்கிய பேரனை எனக்குத் தெரியும், அளவு வேறு சின்னதாக இருந்தது.

வீடு வாங்குவதில் கவனிக்க வேண்டியது?

நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் சட்ட அதிகாரி, இல்லாமல் எதுவும் நடக்காது; புதுச்சேரிப் பெரியவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். பழைய வீட்டுக்கு அந்தச் செலவு 7, 8 சதவீதம் வரும், அதில் பெரும்பகுதி அரசுக்குப் போகும் வரி. கையெழுத்திட்ட பின் மனம் மாற 10 நாள் அவகாசம் உண்டு. கிராமத்தில் செப்டிக் டேங்க் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திராட்சைக்கொடியைப் பார்த்து மயங்கியவர்கள் இதைப் பார்க்க மறந்து, தோட்டத்தையே தோண்ட வேண்டியதாகியிருக்கிறது. இன்னொன்று வாரிசுரிமை. பிரிட்டனில் சொத்தைப் பூனைக் காப்பகத்துக்கு எழுதிவைக்கலாம். இங்கே ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் முக்கால் பங்கு பிள்ளைகளுக்குப் போயே தீரும். ஐரோப்பியச் சட்டப்படி சொந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தாலும், 2021இல் பிரான்ஸ் அதற்குக் கடிவாளம் போட்டது. உயில் எழுதும்முன் நொத்தேரிடம் உட்கார்ந்து பேசுவதே வழி.

பென்ஷன் வாங்குவோருக்கு?

உயிரோடு இருக்கிறார்களா என்று பிரிட்டிஷ் அரசு கடிதம் போட்டுக் கேட்கும். சாட்சிக் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் 'சொல்தா' (முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்) தாத்தாக்கள் வருடாவருடம் இதே 'உயிர்ச் சான்று' கொடுப்பார்கள். முதல் முறை அந்தக் கடிதத்தை எடுத்துவந்த பெரியவர் அவமானமாக உணர்ந்தார். நான் எங்கள் தாத்தா கதையைச் சொன்னேன்; சான்று கொடுக்கும் நாளில் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார், கல்யாணத்துக்குப் போவதுபோல. அடுத்த வருடம் இவரும் டை கட்டிக்கொண்டு மேரிக்குப் போனார்.

பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரையும் 'ஆங்லே' (ஆங்கிலேயர்) என்கிறார்களாமே?

ஆமாம், ஸ்காட்லாந்து, வேல்ஸ் எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான். ஸ்காட்லாந்துக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். மதராசி என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

திரும்பிப் போய்விடுகிறார்களா?

சிலர். பேரப்பிள்ளைகள் பிறந்தால், அல்லது தம்பதியில் ஒருவர் இறந்துவிட்டால். காகிதத் தொல்லைக்காகப் போனவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிக நாள் இருக்கிறார்கள்.

வரும்போது என்ன கொண்டுவரச் சொல்வீர்கள்?

பிறப்புச் சான்று நாலைந்து நகல், கல்யாணச் சான்று, எல்லாவற்றையும் போட ஒரு கெட்டி அட்டைக் கோப்பு. டீத்தூள். பிரிட்டிஷ் பிளக்கோடு ஒரு நீட்டிப்புப் பலகை கொண்டுவந்தால் ஒரே அடாப்டரில் நாலு சாமானை மாட்டலாம். கெட்டிலை அதில் மாட்டாதீர்கள். தலையணை உறை மட்டும் வேண்டாம். பிரெஞ்சுத் தலையணை 65க்கு 65 சென்டிமீட்டர், நல்ல சதுரம். பிரிட்டிஷ் உறைக்குள் அதைத் திணித்துப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர்.